மழலையை யாரிடம் ஒப்படைப்பது?

பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி

முன்னுரை

கத்தரிக்காய் வாங்கினாலும் காம்பைத் திருப்பிப் பார்த்து வாங்குகிறவர்கள் நாம். சேலை எடுக்கப் போனால் சாயம் போகுமா என்று மூன்று முறை கேட்கிறோம். ஆனால் பெற்ற பிள்ளையைப் பகல் முழுவதும் பிறர் கையில் விட்டுச் செல்லும்போது மட்டும், 'பக்கத்துத் தெருவில்தானே இருக்கிறது, பெயர்ப்பலகை பெரிதாகத்தானே தொங்குகிறது' என்று எண்ணி விட்டுவிடுகிறோம். இது வியப்பல்லவா?

"இது தாய்மார்கள் படிக்க வேண்டிய கட்டுரை, நமக்கு எதற்கு?" என்று தோழியர் சிலர் கேட்கக்கூடும். தாய் வேலைக்குச் சென்று, வீட்டுக் கைக்குழந்தையைப் பார்க்க நம்பகமான ஆள் கிடைக்காவிட்டால், அந்தக் குழந்தையோடு வீட்டில் நிற்கப்போவது யார் என்று எண்ணிப் பாருங்கள். அண்ணன் அல்லன், அக்காதான் நிற்பாள். நானும் அப்படி நின்றவள். ஆகவே, குழந்தையை நம்பி விடுவதற்கு ஏற்ற ஆளையும் இடத்தையும் எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பதை, படித்தவற்றிலிருந்தும் பட்டவற்றிலிருந்தும் இங்கே எழுதுகிறேன்.

தீவனத் தொட்டியிலிருந்து வந்த பெயர்

குழந்தைகள் காப்பகத்தைக் 'கிரெஷ்' என்று அழைக்கிறோம். இது பிரெஞ்சு மொழிச் சொல். மாட்டுத் தொழுவத்தில் உள்ள தீவனத் தொட்டி என்பது இதன் பொருள். கிறிஸ்துமஸ் நாளில் நம் பள்ளிக் குடிலில் குழந்தை இயேசுவைக் கிடத்துகிறோமே, அதே தொட்டிதான். சத்திரத்தில் இடமில்லாத குழந்தைக்கு இடம் கொடுத்த தொட்டியின் பெயரைக் குழந்தைகள் காப்பகத்திற்குச் சூட்டியவர்கள் நன்றாகவே சிந்தித்திருக்கிறார்கள்.

1844-ஆம் ஆண்டு நவம்பர் 14-ஆம் நாள் பாரிஸ் நகரின் ஷாயோ பகுதியில் பிர்மேன் மார்போ என்பவர் முதல் காப்பகத்தைத் திறந்தார். இரண்டு வயது கடந்த ஏழைக் குழந்தைகளுக்கு அந்நகரில் ஏற்கெனவே பள்ளிகள் இருந்தன. இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை வேலைக்குப் போகும் தாய்மார் எங்கே விடுவார்கள் என்ற கேள்வியே அவரை இச்செயலில் இறக்கியது. நவம்பர் 14 நம் நாட்டில் குழந்தைகள் தினமாகக் கொண்டாடப்படுவது ஓர் இனிய பொருத்தமாகும்.

அடுத்து நாம் நினைக்க வேண்டியவர் மரிய மாண்டிசோரி அம்மையார். 1907-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள், மூவரசர் திருநாளன்று, உரோமை நகரின் சான் லொரென்சோ என்னும் ஏழைகள் வாழும் பகுதியில் 'குழந்தைகளின் வீடு' என்ற ஒன்றை அவர் தொடங்கினார். பெற்றோர் வேலைக்குச் சென்றபின் தனித்து விடப்பட்ட பிள்ளைகள் குடியிருப்பின் சுவர்களைக் கிறுக்கிக் கெடுத்துக்கொண்டிருந்தனர். அவர்களைக் கவனிக்கவே அந்த வீடு உண்டாயிற்று. அங்கே ஒரு நல்ல வழக்கம் இருந்தது. தாய்மார்கள் நாளின் எந்த நேரத்திலும் வந்து தங்கள் பிள்ளைகளைப் பார்க்கலாம். இந்த அம்மையார் 1939-இல் சென்னைக்கு வந்து, அடையாற்றில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார் என்பது நமக்குப் பெருமை.

நம் நாட்டில் 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலைகளில் குழந்தைகளுக்கென்று தனி அறை வேண்டும் என்றது. 1976-இல் அந்த எண்ணிக்கை 30 ஆகக் குறைக்கப்பட்டது. 1969-இல் டெல்லியில் மீரா மகாதேவன் என்னும் அம்மையார், கட்டட வேலை நடக்கும் இடத்தில் மண்ணிலும் புழுதியிலும் கிடந்த கூலித் தொழிலாளரின் பிள்ளைகளைக் கண்டு மனம் இரங்கி, 'மொபைல் கிரெஷ்' என்னும் அமைப்பைத் தொடங்கினார். 1975-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் தொடங்கப்பட்டது. இன்று நாம் ஊர்தோறும் காணும் அங்கன்வாடி அதன் பயனே. சத்துணவும் தடுப்பூசியும் விளையாட்டோடு கூடிய கல்வியும் அங்கே கிடைக்கின்றன. ஆயினும் இரவுப் பணிக்கும் மாலைப் பணிக்கும் செல்லும் தாய்க்கு அது மட்டும் போதுவதில்லை. அங்கேதான் தனியார் காப்பகமும் வீட்டு ஆயாவும் தேவைப்படுகின்றனர்.

எங்கள் வீட்டில் நடந்தது

என் தாயார் ஒரு மருத்துவமனையில் செவிலியர். தந்தையார் பேருந்து நடத்துநர். விடியற்காலையில் புறப்பட்டால் இரவில்தான் திரும்புவார். என் தம்பியை எங்கள் அப்பாயி பார்த்துக்கொண்டார். நான் எட்டாம் வகுப்பு படித்தபோது அப்பாயி கிணற்றடியில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, அத்தை வீட்டில் படுக்கையில் இருக்க நேர்ந்தது. அப்போது தம்பிக்கு ஒன்றரை வயது.

எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு காப்பகம் இருந்தது. சுவரெல்லாம் யானையும் முயலும் வரைந்து, வாசலில் வண்ணக் கொடி கட்டியிருந்தார்கள். பார்த்தவுடனே எனக்குப் பிடித்துவிட்டது. அம்மாவும் அவசரத்தில் இருந்ததால் அன்றே பணம் கட்டிச் சேர்த்துவிட்டார். காலையில் வாசல் கம்பிக் கதவருகே பிள்ளையை வாங்கிக்கொள்வார்கள். மாலையில் அதே கதவருகே கொண்டுவந்து கொடுப்பார்கள். "உள்ள வந்தா மத்தப் பிள்ளைங்க அழும்மா" என்று அங்கிருந்த அம்மா சொன்னார். அது நியாயமாகவே எங்களுக்குப் பட்டது.

மாலையில் நான்தான் தம்பியைத் தூக்கி வருவேன். அவன் என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டே வருவான். 'சமர்த்துப் பிள்ளை' என்று எண்ணினேன். இரவில் விழித்து அழுவான். நாளடைவில், அந்தத் தெரு முனையில் உள்ள பெட்டிக்கடையைக் கண்டவுடனே என் கழுத்தை இறுகக் கட்டிக்கொள்ளத் தொடங்கினான். இதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. அடம் பிடிக்கிறான் என்றுதான் நினைத்தேன். இன்றுவரை என்னை உறுத்துவது இதுவே.

ஒருநாள் அம்மாவுக்குப் பணி முன்னதாகவே முடிந்தது. பதினொன்றரை மணிக்குக் காப்பகத்திற்குச் சென்றார். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. வெகுநேரம் தட்டியபின் திறந்தார்கள். உள்ளே திரை போட்ட இருட்டறையில் பதினெட்டுப் பிள்ளைகள் வரிசையாகத் தூங்கிக்கொண்டிருந்தனர். பகல் பதினொன்றரை மணிக்கு ஒரு பிள்ளைகூட விழித்திருக்கவில்லை! அலமாரியின் மேல் ஒரு மருந்துப் புட்டி இருந்தது. சளிக்குத் தருவது, குடித்தால் தூக்கம் வரும். செவிலியரான அம்மாவுக்குப் பார்த்தவுடனே விளங்கிவிட்டது.

"எதுக்குங்க இது?" என்று அம்மா கேட்டார்.

"சளி பிடிக்காம இருக்க எல்லாப் பிள்ளைக்கும் கொஞ்சம் கொஞ்சம் குடுப்போம் சிஸ்டர். ஒண்ணும் பண்ணாது" என்று பதில் வந்தது.

மருத்துவர் சொல்லாமல் இத்தகைய மருந்தைச் சிறு குழந்தைக்குத் தருவது அதன் மூச்சுக்கே ஆபத்தாகலாம் என்று அம்மா அன்றிரவு எங்களுக்கு விளக்கினார். மறுநாள் முதல் தம்பி அங்கே போகவில்லை. நான் மூன்று வாரம் பள்ளிக்கு வரவில்லை. அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு, சன்னல் வழியே என் தோழியர் சீருடையில் செல்வதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அரையாண்டுத் தேர்வு நெருங்கியது. எங்கள் வகுப்பாசிரியையான அருட்சகோதரி வீட்டிற்கே வந்து விசாரித்தார். "ஒரு பிள்ளையைக் காப்பதற்காக இன்னொரு பிள்ளையின் படிப்பை நிறுத்தலாமா?" என்று அவர் அம்மாவிடம் மெல்லக் கேட்டது இன்னும் என் காதில் ஒலிக்கிறது. அதன்பின் அம்மா அவசரப்படாமல், நிதானமாக வேறிடம் தேடினார். அந்தத் தேடலில் கற்றவையே இனி வருபவை.

முதற்பாடம்: கதவைப் பாருங்கள்

'கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்' என்பது பழமொழி. சுவரில் வரைந்த யானையைக் கண்டோம், பக்கத்து வீட்டார் புகழக் கேட்டோம், விசாரிக்கத் தவறினோம்.

விசாரிப்பதற்கு மிக எளிய வழி ஒன்று உண்டு. சொல்லாமல் போய் நிற்பதே அது. காலை பத்து மணிக்கு ஒரு நாள், பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு நாள் போக வேண்டும். நல்ல காப்பகம் அப்போது திகைக்காது. வருகிறவர் யாரென்று உறுதி செய்துகொண்டு உள்ளே விடும். அயலாருக்குப் பூட்டியும் பெற்றோருக்குத் திறந்தும் இருக்கும் கதவே நம்பத்தக்க கதவு. உள்ளே விடாமல் வாசலிலேயே பேசி அனுப்பும் இடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை விட்டுவிட வேண்டும்.

சட்டமும் இதையே எண்ணியிருக்கிறது. 2017-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி மகப்பேறு நலச் சட்டத்தில் ஒரு விதி சேர்க்கப்பட்டது. 50 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனம் காப்பக வசதி செய்ய வேண்டும். தாய் ஒரு நாளில் நான்கு முறை சென்று குழந்தையைப் பார்க்க அனுமதிக்க வேண்டும். 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இவ்விதி இடம்பெற்றுள்ளது. ஒரு நாளில் நான்கு முறை! தாயின் கண் படும் இடத்தில் தவறு நடப்பது அரிது என்பதே இதன் கருத்தல்லவா?

இரண்டாம் பாடம்: தலைகளை எண்ணுங்கள்

எங்கள் தம்பி இருந்த காப்பகத்தில் பதினெட்டுப் பிள்ளைகளுக்கு இரண்டு பேர். அம்மா சென்ற நாளில் அவர்களில் ஒருவர் கடைக்குப் போயிருந்தார். ஆகவே பதினெட்டுக்கு ஒருவர். அந்த அம்மாவைக் கொடியவர் என்று நான் எழுத மாட்டேன். ஒருத்திக்குக் கை இரண்டு. ஒரே வேளையில் ஒரு பிள்ளை அழும், ஒன்று மலம் கழிக்கும், ஒன்று மற்றொன்றைக் கடிக்கும். இத்தனையையும் ஒருவரே சமாளிக்க வேண்டுமென்றால் தூங்க வைப்பதுதான் வழி என்று தோன்றிவிடுகிறது. ஆட்களைக் குறைத்துப் பிள்ளைகளைக் கூட்டினால் அன்புள்ளவரும் தவறு செய்வார்.

எனவே, 'எத்தனை பிள்ளைகள்?' என்று மட்டும் கேட்டால் போதாது. 'எத்தனை பேர் பார்க்கிறீர்கள்? அவர்களில் ஒருவர் விடுப்பில் போனால் யார் வருவார்?' என்றும் கேட்க வேண்டும். கைக்குழந்தைகள் அதிகம் இருந்தால் ஆட்களும் அதிகம் வேண்டும். தீப்பிடித்தால் அத்தனை பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு ஓட அங்கே கைகள் உண்டா என்று எண்ணிப் பார்த்தால் விடை தானே கிடைக்கும்.

மூன்றாம் பாடம்: இடத்தைப் பாருங்கள்

2004-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் நாளைத் தமிழ்நாடு மறக்காது. அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் மதிய உணவு சமைத்த இடத்துத் தீ கூரைக்குப் பரவி, மாடியில் இருந்த வகுப்பறைகளின் கீற்றுக் கூரையைப் பற்றிக்கொண்டது. இறங்குவதற்குக் குறுகிய படிக்கட்டு. 94 குழந்தைகள் மாண்டனர். அவர்கள் எல்லாரையும் பெற்றோர் காலையில் தலை வாரி, முத்தமிட்டு, நம்பித்தானே அனுப்பியிருப்பார்கள்!

ஆகவே காப்பகத்தில் காலெடுத்து வைத்தவுடன் வழிகளைப் பாருங்கள். வெளியேற இரண்டாவது வழி உண்டா? தரைத்தளமா, மாடியா? சமையலறைக்கும் பிள்ளைகள் இருக்கும் அறைக்கும் இடையே தடுப்பு உண்டா? அதன்பின் கீழே குனிந்து, பிள்ளையின் உயரத்திலிருந்து பாருங்கள். கைக்கு எட்டும் இடத்தில் மின்சாரப் பிளக் உண்டா? குளியலறை வாளியில் நீர் நிறைந்திருக்கிறதா? வாளியில் உள்ள கொஞ்ச நீரிலும் தவழும் குழந்தை தலைகீழாக விழுந்து மூழ்கிவிடும் என்பதைப் பலர் அறியார். நீர்த்தொட்டிக்கு மூடி உண்டா? கழிப்பறை கழுவும் அமிலமும் மண்ணெண்ணெயும் குடிநீர்ப் புட்டியில் ஊற்றி வைக்கப்பட்டுள்ளனவா? படிக்கட்டுக்குத் தடுப்புக் கதவு உண்டா? நிலக்கடலை போன்ற தொண்டையில் அடைக்கும் தின்பண்டங்களைச் சின்னஞ்சிறு பிள்ளைகளுக்குத் தருகிறார்களா?

தூய்மையை வாசலில் பார்க்கக் கூடாது. கழிப்பறையிலும் பால் காய்ச்சும் பாத்திரத்திலும் பார்க்க வேண்டும். பிள்ளையைக் கழுவிவிட்டு அதே கையோடு சோறு பிசைகிறார்களா, சோப்புப் போட்டுக் கை கழுவுகிறார்களா என்று கவனியுங்கள். காய்ச்சல் வந்த பிள்ளையை என்ன செய்வார்கள் என்று கேளுங்கள். பெற்றோர் எழுதிக் கொடுக்காத எந்த மருந்தையும் தரமாட்டோம் என்று அவர்கள் சொல்ல வேண்டும். தொலைபேசி எண்களும் மருத்துவரின் முகவரியும் சுவரில் எழுதப்பட்டிருத்தல் நலம். பகல் முழுவதும் தொலைக்காட்சியின் முன்னோ கைப்பேசியின் முன்னோ பிள்ளைகளை உட்கார்த்தி வைப்பதும் ஒருவகைத் தூக்க மருந்துதான் என்பதை மறவாதீர்கள்.

நான்காம் பாடம்: வீட்டிற்கு வரும் ஆயா

காப்பகத்தை விட வீட்டிற்கே ஆள் வருவதை விரும்புவோர் பலர். பிள்ளைக்குப் பழகிய இடம், பழகிய தொட்டில் என்பது இதன் நன்மை. பார்க்கும் கண் ஒன்றே என்பது இதன் குறை. ஆகவே விசாரணை கூடுதலாக வேண்டும். முன்பு வேலை செய்த இரண்டு வீடுகளுக்காவது நேரில் சென்று கேட்க வேண்டும். 'நல்லவரா?' என்று கேட்டால் எல்லாரும் 'நல்லவர்தான்' என்பார்கள். 'ஏன் நின்றார்? பிள்ளை அழும்போது என்ன செய்வார்? உங்கள் பிள்ளை இப்போதும் அவரைத் தேடுகிறதா?' என்று கேட்டால் உண்மை வெளிவரும். முதல் ஒரு வாரம் தாயோ பாட்டியோ உடனிருந்து, அதன்பின் சிறிது சிறிதாக விலக வேண்டும்.

இங்கே ஒரு செய்தியை வருத்தத்தோடு எழுதுகிறேன். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து பத்து, பன்னிரண்டு வயதுச் சிறுமியை அழைத்து வரும் வழக்கம் முன்பு மிகுதியாக இருந்தது. பிள்ளையைப் பார்க்க இன்னொரு பிள்ளையா? வீட்டு வேலையில் 14 வயதுக்கு உட்பட்டவரை அமர்த்துவது 2006-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள் முதல் தடை செய்யப்பட்டது. அச்சிறுமியும் நம்மைப் போலப் பள்ளியில் அமர வேண்டியவள் அல்லவா?

நம்பிக்கை ஒருவழிப் பாதையன்று. ஆயாவை நாம் நம்ப வேண்டுமானால், ஆயாவும் நம்மை நம்ப வேண்டும். பேசிய சம்பளத்தைப் பேசிய நாளில் கொடுத்தல், வாரத்தில் ஒரு நாள் ஓய்வு, வயிறாரச் சோறு, அவர் பிள்ளைக்கு உடல்நலமில்லையென்றால் விடுப்பு ஆகியவை சலுகைகள் அல்ல, கடமைகள். பிள்ளையைப் பார்க்க வந்தவர் தலையில் பாத்திரத்தையும் துணிமூட்டையையும் சுமத்திவிட்டு, 'பிள்ளையைக் கவனிக்கவில்லை' என்று குறை கூறுவது நீதியன்று. அவரைக் குழந்தையின் முன் இழிவாகப் பேசினால், குழந்தையும் அதையே கற்கும்.

ஐந்தாம் பாடம்: பேசாத சாட்சி

எல்லாவற்றையும் விடப் பெரிய சாட்சி குழந்தைதான். அதற்குப் பேச்சு வராதிருக்கலாம்; ஆனால் அது எதையும் மறைப்பதில்லை. புதிய இடத்தில் முதல் சில நாட்கள் தாய் பிரியும்போது அழுவது இயல்பு. நல்ல ஆயா கையில் அந்த அழுகை தாய் தெருமுனை திரும்பும்முன் அடங்கிவிடும். நாட்கள் செல்லச் செல்லக் குறையும்.

அவ்வாறு குறையாமல் கூடினால் கவனிக்க வேண்டும். அளவுக்கு மீறிய தூக்கம், நாளும் பசியோடு வருதல், காரணம் தெரியாத கன்றிப்போன தடம், நின்றுபோன படுக்கை நனைத்தல் மீண்டும் தொடங்குதல், குறிப்பிட்ட ஒருவரைக் கண்டால் ஒடுங்குதல் ஆகியவை குழந்தையின் வாக்குமூலங்கள். என் தம்பி பெட்டிக்கடையைக் கண்டு என் கழுத்தைக் கட்டிக்கொண்டபோது சாட்சி சொல்லிக்கொண்டுதான் இருந்தான். நான்தான் கேட்கவில்லை. மாலையில் பிள்ளையைத் தூக்கி வருகிற அக்காமாரே, வீட்டில் பெரியவர்களுக்குத் தெரியாதது நமக்குத் தெரியக்கூடும். கண்டதை அன்றே சொல்லிவிடுங்கள்.

பேசத் தெரிந்த பிள்ளையிடம் 'அடித்தார்களா?' என்று கேட்டால் பயத்தில் 'இல்லை' என்றும், கேட்பவரை மகிழ்விக்க 'ஆம்' என்றும் சொல்லிவிடும். அதைவிடப் பொம்மையை வைத்து, 'நீ ஆயா, இது பாப்பா' என்று விளையாட விட்டால், அங்கே நடப்பதைத் தானே நடித்துக் காட்டும். உள்ளாடை மறைக்கும் இடங்களை யாரும் தொடக் கூடாது என்பதையும், 'யாரிடமும் சொல்லாதே' என்று யார் சொன்னாலும் அதை அம்மாவிடம் முதலில் சொல்ல வேண்டும் என்பதையும் மூன்று வயது முதலே சொல்லிக் கொடுக்கலாம். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்க 2012-ஆம் ஆண்டில் தனிச் சட்டமே இயற்றப்பட்டுள்ளது. குழந்தைக்குத் தீங்கு நேர்வதாக அறிந்தால் 1098 என்ற எண்ணுக்கு யாரும், மாணவியராகிய நாமும், கட்டணமின்றி அழைக்கலாம்.

முடிவுரை

அம்மா தேடிக் கண்டுபிடித்த இரண்டாவது இடம் ஓட்டு வீடு. சுவரில் யானையும் இல்லை, முயலும் இல்லை. கணவரை இழந்த ஓர் அம்மாவும் அவருடைய மருமகளும் ஆறு பிள்ளைகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தனர். ஏழாவதாக என் தம்பியைச் சேர்க்க அவர்கள் ஒரு நாள் யோசித்துத்தான் ஒப்புக்கொண்டனர். அந்தத் தயக்கமே அம்மாவுக்கு நம்பிக்கை தந்தது. சொல்லாமல் முதல் முறை போனபோது, அந்த ஆயாம்மா சோற்றுக் கையோடு எழுந்து, "வாங்க சிஸ்டர், நேரா உள்ளேயே வாங்க. புள்ள என்ன பண்றான்னு நீங்களே பாருங்க" என்றாராம். தம்பி ஒரு வாளிக் கவிழ்ப்பின் மேல் தாளம் போட்டுக்கொண்டிருந்தானாம். மறுநாள் நான் சீருடை அணிந்து பள்ளிக்கு வந்தேன்.

நினைவில் கொள்ள ஏழு கேள்விகளைச் சுருக்கித் தருகிறேன்:

1. சொல்லாமல் போனால் உள்ளே விடுகிறார்களா?
2. எத்தனை பிள்ளைக்கு எத்தனை பேர்?
3. தீப்பிடித்தால் வெளியேற இரண்டாவது வழி உண்டா?
4. தண்ணீர், மின்சாரம், மருந்து, அமிலம் ஆகியவை பிள்ளைக்கு எட்டாமல் உள்ளனவா?
5. பெற்றோருக்குத் தெரியாமல் மருந்து தருவதில்லையா?
6. பிள்ளையை அழைத்துச் செல்ல வருகிறவர் யாரென்று கேட்டு உறுதி செய்கிறார்களா?
7. பத்து நாள் கழித்து, பிள்ளை அந்தத் தெருவில் நுழையும்போது அதன் முகம் எப்படி இருக்கிறது?

இவற்றுள் ஏழாவது கேள்விக்கு விடை சரியில்லையென்றால், மற்ற ஆறுக்கும் விடை சரியாக இருந்தாலும் மீண்டும் விசாரியுங்கள்.

பெத்லகேமில் அந்தத் தொழுவத்தில் அரண்மனையின் வசதி எதுவும் இல்லை. ஆனால் இடையர்கள் முன்னறிவிப்பின்றி இரவில் வந்தபோது யாரும் கதவை அடைத்து அவர்களைத் தடுக்கவில்லை. குழந்தையைக் கண்டு மகிழ்ந்து சென்றனர். அத்தகைய இடங்கள் நம் ஊர்களில் பெருகட்டும். தாய்மார் அமைதியான மனத்தோடு வேலைக்குச் செல்லவும், அக்காமார் தவறாமல் பள்ளிக்கு வரவும், மழலைகள் சிரித்த முகத்தோடு வீடு திரும்பவும் இறைவன் அருள்வாராக!